தீவில் கடல்சார் கள ஆய்வு: நீந்தத் தெரியாத மாணவி எப்படித் தயாராகலாம்?

கேள்வி
எழுதியவர்: வவுனிக்குளத்தாள்

அனைவருக்கும் வணக்கம். நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் விஞ்ஞானம் பயிலும் இரண்டாம் வருட மாணவி. சொந்த இடம் மல்லாவிப் பக்கம். வருகின்ற பங்குனிக் கடைசியில் எங்கள் வகுப்பை ஒரு வாரக் கடல்சார் கள ஆய்வுக்காக, கிளிநொச்சி மாவட்டக் கரைக்கு அப்பாலுள்ள இரணைதீவுக்கு அழைத்துச் செல்வதற்கு ஒழுங்கு நடக்கிறது. இத்தகைய பயணங்களுக்குச் சென்று வந்தவர்களும் அந்தக் கடலை அறிந்தவர்களும் இங்கே இருப்பதால், வகுப்பில் கேட்கக் கூச்சமாக இருந்த சிலவற்றை இங்கே கேட்கிறேன்.

முதலாவது, எனக்கு நீந்தத் தெரியாது. குளமும் வாய்க்காலும் வயலுமாக வளர்ந்தவள் நான். கடலை முல்லைத்தீவுக் கரையில் நின்று பார்த்திருக்கிறேனே தவிர, கணுக்காலுக்கு மேல் இறங்கியதில்லை. நீந்தத் தெரியாதவர்களும் வரலாம் என்று விரிவுரையாளர் பொதுவாகச் சொன்னார். ஆனாலும், அங்கே போனபின் கரையில் பைகளுக்குக் காவல் இருப்பதுதான் என் வேலையாகிவிடுமோ, அல்லது மற்றவர்களுக்குச் சுமையாகிவிடுவேனோ என்ற யோசனை மனத்தை விட்டுப் போகவில்லை.

இரண்டாவது, ஒவ்வொருவரும் ஒரு சிறிய ஆய்வுத் தலைப்பைத் தெரிவு செய்து முன்கூட்டியே கொடுக்க வேண்டும். வகுப்பில் பெரும்பாலானோர் பவளப்பாறையைக் கேட்கிறார்கள். ஆழம் குறைந்த இடத்தில் செய்யலாம் என்பதற்காக நான் கடற்புல்லை நினைத்திருக்கிறேன். "புல்லைப் பார்க்கவா தீவு வரைக்கும் போகிறாய்" என்று தோழிகள் கேலி செய்கிறார்கள். உண்மையாகவே அது சுலபமானவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட தலைப்புத்தானா?

மூன்றாவது, வீட்டில் தயக்கம். எங்கே தங்குவீர்கள், குளிப்பதற்கும் உடை மாற்றுவதற்கும் மறைவிடம் உண்டா, ஒரு நாள் எப்படிக் கழியும் என்றெல்லாம் அம்மா கேட்கிறார். அப்பா ஒன்றும் கேட்பதில்லை. காற்று எழும்பினால் சன்னலை மட்டும் பார்க்கிறார். அவர்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் தெளிவான பதில் இல்லை.

கடைசியாக ஒன்று. நீண்டகாலம் இடம்பெயர்ந்திருந்து மீண்டும் தங்கள் மண்ணுக்குத் திரும்பியவர்கள் அந்தத் தீவு மக்கள். ஒரு வகுப்பே திடீரென்று அளவு நாடாவும் கையுமாக அங்கே போய் இறங்குவது அவர்களுக்குத் தொல்லையாக இருக்காதா? எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

மறுமொழி 1
எழுதியவர்: உப்பங்கழி

தங்கச்சி, நான் மன்னாரைச் சேர்ந்தவள். பட்டப்படிப்பை முடித்த பின்னர் இப்படியான கள ஆய்வுகளில் மாணவர்களுக்கு உதவியாளராகச் சென்று வருகிறேன். உங்கள் கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் அல்லாமல் எனக்கு முக்கியமாகப்படும் வரிசையில் எடுத்துக்கொள்கிறேன்.

நீந்தத் தெரியாது என்பதைப் பொறுப்பான விரிவுரையாளரிடம் நேரே சொல்லுங்கள். சுகாதாரப் படிவம் ஏதும் தந்தால் அதிலும் எழுதுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீந்துவேன் என்று சொல்லிக்கொண்டு வந்து, படகிலிருந்து குதித்த பிறகு கயிற்றைத் தேடுகின்ற ஆண்பிள்ளைகள்தான் எங்களுக்கு எப்போதும் தலையிடி. படகில் ஏறுவதற்கு முன்னரே உயிர்காப்பு அங்கியை அணிந்து, வார்களை இறுக்கிக்கொள்ளுங்கள். அங்கியோடு நீரில் முகங்குப்புற மிதந்தபடி, முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் கொண்டு அடித்தளத்தைப் பார்ப்பதற்கு நீச்சல் தேவையில்லை. வாயால் நிதானமாக மூச்சு விடப் பழகினால் போதும். அந்தப் பழக்கத்தை வீட்டில் ஒரு பெரிய வாளித் தண்ணீரிலேயே தொடங்கலாம். குளத்தில் இறங்கிப் பழக வேண்டாம். வன்னிக் குளங்களில் முதலை உண்டென்பதை மல்லாவிக்காரிக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கடற்புல் வேலையில் பெரும்பகுதி முழங்காலளவு, இடுப்பளவு நீரில்தான் நடக்கும். அதைச் சுலபமானது என்று உங்கள் தோழிகள் சொல்வது செய்து பார்க்காததால். நடைமுறை இப்படித்தான்: கரையிலிருந்து கடலை நோக்கி 50 மீற்றர் நாடாவை நேராக விரித்து, 0 தொடக்கம் 50 வரை ஒவ்வொரு 5 மீற்றருக்கும் அரை மீற்றர் பக்கமுள்ள சதுரச் சட்டம் ஒன்றை அடித்தளத்தில் வைத்துப் பார்ப்பீர்கள். அது ஒரு கோட்டுக்கு 11 சட்டம். 25 மீற்றர் இடைவெளியில் இப்படி மூன்று கோடுகள் போட்டால் மொத்தம் 33. ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் நிலத்தில் எத்தனை வீதத்தைப் புல் மூடியிருக்கிறது, எந்தெந்த இனங்கள், இலையின் உயரம் என்ன, அடியில் இருப்பது மணலா சேறா, பாசி எவ்வளவு என்பவற்றை எழுத வேண்டும். ஒருவர் குனிந்து பார்த்துச் சொல்ல, மற்றவர் பிளாஸ்ரிக் பலகையில் பென்சிலால் எழுதுவார். பேனை கொண்டுவர வேண்டாம். வெயில் முதுகிலும் நீரிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் முகத்திலும் ஏறும்போது, முப்பதாவது சட்டத்தையும் முதலாவது சட்டத்தைப் பார்த்த அதே கவனத்தோடு பார்ப்பதுதான் இந்த வேலையின் கடினம். முதல் நாளில் எல்லோரும் ஒரே சட்டத்தைச் சுற்றி நின்று, ஒருவர் காட்டாமல் மற்றவர் தம் மதிப்பீட்டை எழுதிப் பாருங்கள். ஒருவர் 40 என்பார், இன்னொருவர் 65 என்பார். அந்த வேறுபாட்டைப் பேசித் தீர்த்த பிறகுதான் உண்மையான அளவீட்டைத் தொடங்க வேண்டும்; இல்லாவிட்டால் நீங்கள் அளந்தது புல்லையா ஆட்களின் கண்ணையா என்பது கடைசிவரை தெரியாது.

அங்கே நாளை வகுப்பது மணிக்கூடு அல்ல, நீர்மட்டம். எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலுள்ள வேறுபாடு பூரணை, அமாவாசை நாட்களிலும்கூட ஒரு மீற்றருக்குக் குறைவுதான். ஆனாலும் இவ்வளவு ஆழங்குறைந்த இடத்தில் அரை மீற்றர் என்பது முழங்காலுக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே நீர் வற்றும் நேரம் விடிகாலை என்றால் விடிகாலையில் இறங்குவீர்கள். காலைச் சாப்பாடு அதற்குப் பிறகுதான். நண்பகலில் நிழலில் இருந்து மண் மாதிரிகளை அரை மில்லிமீற்றர் அரிதட்டில் அலசுவதும், புல் மாதிரிகளை நன்னீரில் கழுவிப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையே அழுத்தி வைப்பதும் நடக்கும். மாலையில் அன்றைய அளவீடுகளை அட்டவணைப்படுத்த வேண்டும். இதை இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடச் சொல்லுங்கள்; சாப்பிட்ட பிறகு யாரும் முடிப்பதில்லை.

உங்கள் அம்மாவின் கேள்விக்கு: தங்குமிடம் அந்தந்த ஒழுங்கைப் பொறுத்தது. பெண்களுக்கான அறையும் கழிவறையும் தனியாக உள்ளனவா, பெண் விரிவுரையாளர் ஒருவர் கூட வருகிறாரா என்பதைப் பயணத்துக்கு முன்னரே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்வது உங்கள் உரிமை. நீரில் இறங்குவதற்கு முழுக்கைச் சட்டையும் நீளமான லெகின்ஸும் போதும். வெயிலுக்கும் சொறிக்கும் (ஜெலிமீனைத்தான் சொல்கிறேன்) அது பாதுகாப்பு, ஊராரின் பார்வைக்கும் பொருத்தம். அடி தடித்த சப்பாத்து அவசியம்; ரப்பர் செருப்பு சேற்றில் கழன்று போய்விடும். மாதவிடாய் நாட்களில் நீரில் இறங்க விருப்பமில்லையென்றால் கரையில் மாதிரி பிரிக்கும் வேலையை எடுத்துக்கொள்ளலாம், அதற்கும் ஆள் தேவை. பாவித்த அணையாடைகளையும் ஏனைய குப்பைகளையும் மூடிய பையில் திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஜீவனிப் பைகள் (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) சிலவற்றை எடுத்துச் செல்லுங்கள்; கடலில் நிற்கும்போது வியர்ப்பது தெரியாது, மாலையில் தலைவலி வரும்போதுதான் தெரியும்.

"புல்லைப் பார்க்கவா" என்ற கேலிக்கு ஒரு பதில் இருக்கிறது. கடற்புல் பாசி அல்ல. வேரும் தண்டும் பூவும் உள்ள தாவரம். அவற்றுள் பெரியதான எனாலஸ் அகோராய்டிஸ் ஒரு மீற்றரையும் தாண்டி வளரும் நாடா போன்ற இலைகளைக் கொண்டது. இதன் ஆண்பூக்கள் அடியிலேயே காம்பிலிருந்து கழன்று, வெண்ணிற மணிகளாக மேலே மிதந்து வரும். நீர் நன்றாக வற்றுகின்ற வேளையில் பெண்பூ நீர்மட்டத்தை எட்டி நிற்க, மிதந்து திரியும் ஆண்பூக்கள் காற்றோடு வந்து அதன் இதழ்களுக்கிடையில் சிக்கும். மகரந்தச் சேர்க்கைக்குப் பூச்சியும் இல்லை, நீரடி ஓட்டமும் இல்லை, நீர்ப்பரப்பு மட்டுமே. உயர்தரத்தில் மகரந்தச் சேர்க்கை முறைகளை மனப்பாடம் செய்த எவரும் அதைக் கண்ணால் பார்க்கும்போது சற்று நேரம் சட்டத்தை மறந்துவிடுவார். எனாலஸ் இருக்கும் இடத்தில் பூரணை அல்லது அமாவாசையை ஒட்டி நீங்கள் நின்றால், நீர்மேல் வெள்ளைத் துணுக்குகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

மறுமொழி 2
எழுதியவர்: இரணைமாதாநகரான்

பிள்ளை, உங்கள் கடைசிக் கேள்வியைப் பார்த்துத்தான் எழுத வந்தேன். வழக்கமாக வருபவர்கள் கேட்காத கேள்வி அது.

எங்கள் சனம் 1992 இல் தீவை விட்டு வெளியேறி, முழங்காவில் பக்கத்தில் இரணைமாதாநகரில் குடியேறினோம். திரும்பிப் போகக் கேட்டு 2017 மே மாதம் தொடர் போராட்டம் தொடங்கி, 2018 ஏப்ரலில் படகுகளில் நாங்களே போய் இறங்கினோம். இன்றைக்கும் பலருடைய வாழ்க்கை பாதி தீவிலும், பிள்ளைகளின் படிப்புக்காகப் பாதி பெருநிலத்திலுமாக நடக்கிறது. எனவே நீங்கள் காண்கின்ற இடிந்த வீட்டை ஆளில்லாத வீடு என்று நினைத்து உள்ளே போய்ப் படம் எடுக்க வேண்டாம். அதற்குச் சொந்தக்காரர் அன்று காலையில் உங்களைப் படகில் ஏற்றி வந்தவராகவே இருக்கலாம்.

தொல்லையா என்று கேட்டீர்கள். வருவது தொல்லையில்லை. முன்பு ஒரு குழு வந்து அளந்து, எங்களிடம் பல மணிநேரம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஒரு தாள்கூட எங்களிடம் திரும்பி வரவில்லை. அதுதான் மனக்குறை. நீங்கள் எழுதுவதைத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கி, கடற்றொழிலாளர் சங்கத்திடமோ மாதா கோவிலிலோ கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த முறை வருகின்ற மாணவர்களுக்கும் வாசல் திறந்திருக்கும்.

நடந்துகொள்ளும் முறை பற்றிச் சில. கிணற்று நீரை அளவோடு பாவியுங்கள். தீவில் நன்னீர் என்பது மழை தந்துவிட்டுப் போனது மட்டுந்தான். ஆழங்குறைந்த இடங்களில் வலையடைத்த கடலட்டைப் பண்ணைகளைக் காண்பீர்கள். வேலியைத் தாண்டி உள்ளே போகக்கூடாது, அருகில் அளக்க வேண்டுமென்றாலும் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். மிதப்புக் கட்டியிருக்கும் இடத்தில் நண்டு வலை கிடக்கும். அதன்மேல் நடந்தால் வலையும் போகும், காலும் சிக்கும். அடையாள அட்டையை எப்போதும் உடன் வைத்திருங்கள், கடற்படையினர் கேட்கக்கூடும்.

இனி அப்பாவுக்கு. பங்குனிக் கடைசி நல்ல காலம். வாடை அடங்கி, சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்குவதற்கு முன்னான இடைவெளி அது. கடல் பெரும்பாலும் தகடாகக் கிடக்கும். வைகாசியில் சோளகம் பிடித்துவிட்டால் இதே பாதையில் எங்களுக்கே நனையாமல் போக முடியாது. படகின் முன்பக்கம், அணியத்தில் இருக்க ஆசைப்படாதீர்கள், தூக்கிப் போடுவது அங்கேதான். நடுப்பகுதிக்குப் பின்னால் இருங்கள். ஓட்டி இன்றைக்குப் போகவேண்டாம் என்று சொன்னால் விரிவுரையாளரும் மறுத்துப் பேசாமல் இருக்க வேண்டும். ஒரு நாள் ஆய்வு பிந்தினால் பிந்தட்டும்.

நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடவுங்கள். திருக்கை மணலுக்குள் படுத்திருக்கும். தேய்த்து நடந்தால் அது முன்னமே விலகிவிடும், மேலே மிதித்தால்தான் வாலால் அடிக்கும். அடித்துவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீருக்குள் காலை வைத்திருந்தால் வேதனை இறங்கும். அதற்குப் பிறகு தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அழகாகப் புள்ளி போட்ட கூம்புச் சிப்பியைக் கையில் எடுக்காதீர்கள், அதற்கும் நஞ்சு உண்டு. வலையில் கடற்பாம்பு வந்தால் நாங்கள் கழற்றுவோம். நீங்கள் படத்தோடு நின்றுகொள்ளுங்கள்.

புல்லைப் பற்றி உங்கள் தோழிகள் சிரித்தது எனக்கும் சிரிப்பாக இருக்கிறது. சாதாளை (கடற்புல்லை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) இல்லாத இடத்தில் நாங்கள் வலை போடுவதே குறைவு. அட்டைக் குஞ்சு ஒட்டுவதும், நண்டும் இறாலும் ஒதுங்குவதும் அதில்தான். இழுவைப்படகுகள் இரவில் வந்து அடியைச் சுரண்டிக்கொண்டு போன அடுத்தநாள், வேரோடு பிடுங்கிய சாதாளை கரையில் ஒதுங்கிக் கிடக்கும். அதைப் பார்த்தாலே அந்தக் கிழமை உழைப்பு எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

மறுமொழி 3
எழுதியவர்: பாலியாறு

நான் ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியன். மேலே எழுதிய இருவரோடும் பெரும்பாலும் உடன்படுகிறேன், இரண்டு இடங்களைத் தவிர.

ஒன்று, இரண்டாம் வருட மாணவர்களின் முதற் கள ஆய்வுக்குப் படகேறித் தீவுக்குத்தான் போக வேண்டுமா என்பது. மன்னார்ப் பெருநிலக் கரையிலுள்ள விடத்தல்தீவில் கண்டலும் சேற்றுப் படுகையும் கடற்புல்லும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன; 2016 இல் இயற்கை ஒதுக்கமாக்கப்பட்ட அந்தப் பகுதிக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியைப் பெற்றுக்கொண்டால், வாகனத்திலேயே போய் இறங்கி வேலை செய்து, சுகவீனமானவரை உடனே மன்னார் வைத்தியசாலைக்கும் அனுப்பலாம். தீவு என்ற சொல்லில் ஒரு கவர்ச்சி இருக்கிறது என்பதற்காகப் பாதுகாப்பு இரண்டாமிடத்துக்குப் போய்விடக்கூடாது. ஆயினும் ஒன்றை ஏற்றுக்கொள்கிறேன்: வீட்டுக்குப் போய்வர முடியாத இடத்தில் ஒரு வாரம் கூடியிருக்கும்போதுதான் மாணவர்கள் ஒருவரோடொருவர் ஆய்வைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். கரையில் நடத்தினால் பிற்பகல் மூன்று மணிக்கே பேருந்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மற்றது மாதிரி சேகரித்தல். ஒரு வகுப்பில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இனத்திலும் ஒரு பிடி புல்லைப் பிடுங்கினால், அளப்பதற்கென்று போன திட்டை நாங்களே அழித்தவர்களாவோம். குழுவுக்கு ஒரு தொகுப்புப் போதும். ஒவ்வோர் இனத்திலும் வேர்த்தண்டோடு ஓரிரண்டு தளிர்களுக்கு மேல் வேண்டாம். பவளத் துண்டையும் உயிருள்ள சிப்பியையும் தொடவே வேண்டாம். கரையோரத்திலிருந்து பவளம் அகற்றுவது சட்டப்படி குற்றம் என்பதை மாணவர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. விடுதி அறைகளின் சன்னல்களில் எத்தனை பவளத் துண்டுகள் அழகுக்காக வைக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இரணைமாதாநகரான் சொன்னதற்கு ஒரு சிறு சேர்க்கை. மன்னார்க் கடலின் உயிரியல் விரிவாக எழுதப்பட்டது முத்துச் சிப்பிக்காகத்தான். 1902 இல் வில்லியம் ஹேர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியர் தம் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெல்லோடு இலங்கைக்கு வந்து முத்துப் பார்களை (முத்துச் சிப்பி படியும் கடலடித் திட்டுகளை) ஆராய்ந்தார். அந்த அறிக்கை 1903 தொடக்கம் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. பார்களின் அடித்தளத்தை அவர்களுக்கு முன்னரே தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி இறங்கிப் பார்த்து வைத்திருந்தவர்கள் குளியாட்கள். ஆகவே தொழிலாளரிடம் கேட்டு எழுதுவதைத் தரவு இல்லை என்று ஒதுக்குகின்ற மாணவர்களுக்கு நான் புள்ளி குறைப்பேன். ஆனால் அவர் சொன்னது வேறு, நீங்கள் அளந்தது வேறு என்பது அறிக்கையில் பிரிந்து தெரிய வேண்டும்.

மறுமொழி 4
எழுதியவர்: வவுனிக்குளத்தாள்

அக்காவுக்கும் ஐயாவுக்கும் ஆசிரியருக்கும் நன்றி. இரண்டாவது மறுமொழியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாடைக்கும் சோளகத்துக்கும் இடையில் என்ற பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் இருக்கிறதா என்று விரிவுரையாளரிடம் தாமே தொலைபேசியில் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கேட்பது எனக்குச் சற்றுச் சங்கடமாக இருந்தாலும் பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடற்புல்லையே தலைப்பாக எடுத்துக்கொள்கிறேன். இப்போது இரண்டு சந்தேகங்கள். ஆய்வுகூடத்திலுள்ள உலர்ந்த மாதிரிகளைப் பார்த்தபோது, ஒடுங்கிய இலையுள்ளவை எல்லாம் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. நீருக்குள் எப்படி அடையாளம் காண்பது? அடுத்து, அட்டைப் பண்ணைக்கு அருகிலும் தூரத்திலும் புல் எவ்வாறு வேறுபடுகிறது என்று ஒப்பிடலாமா, அல்லது கடற்பசுவின் மேய்ச்சலைப் பற்றி எழுதலாமா?

மறுமொழி 5
எழுதியவர்: உப்பங்கழி

உலர்ந்த மாதிரியில் யாருக்கும் குழப்பந்தான், தங்கச்சி. நீருக்குள் நிறமும் வளைவும் இருப்பதால் சுலபம். முதலில் இலையின் வடிவத்தைப் பாருங்கள். சிறிய நீள்வட்ட இலைகள் காம்போடு இரண்டிரண்டாக நின்றால் ஹாலோபிலா ஒவாலிஸ். இலை தட்டையாக இல்லாமல் உருண்டு, இடியப்ப இழைபோல இருந்தால் சிரிங்கோடியம். நாடாபோல அகன்று நீண்டு, அடியில் கருநிறத் தும்பு படர்ந்திருந்தால் எனாலஸ். நடுத்தர அகலத்தில் அரிவாள்போலச் சற்றே வளைந்து, தடித்த வேர்த்தண்டில் நெருக்கமாகத் தழும்புகள் இருந்தால் தலாசியா. உங்களைக் குழப்பியவை மிஞ்சியிருக்கும் சைமோடோசியாவும் ஹாலோடியூலும்தான். இவற்றை இலையின் நுனியை வைத்துப் பிரிக்க வேண்டும். கைவில்லையின் கீழ் நுனியில் சிறு வாட்பற்கள் தெரிந்தால் சைமோடோசியா செருலாற்றா, பல்லின்றி உருண்டிருந்தால் சைமோடோசியா ரொற்றண்டாற்றா. இலை மிக ஒடுங்கி, நுனியில் சூலம்போல மூன்று கூர் இருந்தால் ஹாலோடியூல் யூனிநேர்விஸ். முதிர்ந்த இலைகளின் நுனி மீன் கடித்தோ அலையில் தேய்ந்தோ போயிருக்கும். ஆதலால் எப்போதும் இளந்தளிரின் நுனியையே பாருங்கள். அடையாளம் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாமல் "அ", "ஆ" என்று பெயரிட்டு, மாதிரிக்கும் அதே எழுத்தை இட்டு வையுங்கள், மாலையில் தீர்த்துக்கொள்ளலாம்.

கடற்பசுவைத் தலைப்பாக எடுக்க வேண்டாம். ஆவுளியா (கடற்பசுவுக்கு எங்கள் பெயர்) இந்தக் கடலில் அரிதாகிவிட்டது. ஒரு வாரத்தில் அதைக் காணாமல் திரும்புவதற்கே சாத்தியம் அதிகம், காணாததை வைத்து அறிக்கை எழுதவும் முடியாது. ஆனால் வளர்ந்த ஆவுளியா ஒன்று நாளொன்றுக்கு 30 தொடக்கம் 40 கிலோ வரை புல் தின்னும். வேரோடு மேய்ந்து செல்வதால், புல்திட்டின் நடுவே வளைந்து வளைந்து செல்லும் வெறுமையான ஒடுங்கிய தடம் விழும். அப்படி ஒன்றைக் கண்டால் அகலத்தை அளந்து, அளவுகோலோடு படமெடுத்து, இடத்தைக் குறித்து வையுங்கள். நேர்கோடாக நீண்டு அகன்று கிடப்பது பெரும்பாலும் இழுவையின் வடு. இரண்டையும் கண்ட தொழிலாளர் யாராவது அருகில் இருந்தால் அவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

பண்ணை ஒப்பீடு நல்ல யோசனைதான், ஆனால் உங்களிடம் இருக்கும் நாட்களுக்கு அது பெரியது. பண்ணைகளை அமைப்பவர்கள் ஆழத்தையும் மண்ணையும் பார்த்துத்தான் இடம் தெரிவு செய்கிறார்கள். ஆகவே நீங்கள் காணும் வேறுபாடு பண்ணையால் வந்ததா, இடத்தால் வந்ததா என்பதை இரண்டு மூன்று கோடுகளால் பிரித்தறிய முடியாது. முடிவு யாருடைய பிழைப்பையாவது தொடுவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். "கரையிலிருந்து தூரம் கூடும்போது கடற்புல்லின் இனங்களும் மூடலும் எவ்வாறு மாறுகின்றன" என்று எழுதிக் கொடுங்கள். பார்வைக்குச் சாதாரணமான தலைப்பு. ஆனால் விரிக்கும் ஒவ்வொரு கோடும் நேரடியாக அதற்குப் பதில் சொல்லும், நீரின் ஆழத்தையும் அடிமண்ணையும் கூடவே குறித்தால் காரணத்தைப் பற்றியும் ஏதாவது சொல்ல முடியும். ஒவ்வொரு ஆழத்துக்கும் பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். நேரம் இல்லாத ஆழத்தை நீர்மட்டத்தோடு ஒப்பிட வழியில்லை. அடுத்த வருட மாணவர்கள் அதே கோடுகளில் வந்து அளக்கக்கூடியவாறு தொடக்கப் புள்ளிகளின் ஆள்கூறுகளையும், கரையிலிருந்து தெரியும் ஓர் அடையாளத்தையும் எழுதி வைப்பது உங்கள் பொறுப்பு.

சதுரச் சட்டத்தைப் பல்கலைக்கழகம் தருமென்று காத்திருக்காதீர்கள். இருப்பது ஒன்றோ இரண்டோதான், அதற்கு அடிபிடி நடக்கும். ஊரில் வன்பொருள் கடையில் அரை அங்குல பிவிசி குழாயும் நான்கு முழங்கை மூட்டுகளும் வாங்கி, உட்புறம் ஒவ்வொரு பக்கமும் 50 சென்ரிமீற்றர் வரும்படி வெட்டிப் பொருத்துங்கள். குழாயில் ஆங்காங்கே துளையிட்டால் உள்ளே நீர் புகுந்து சட்டம் தானாகவே அடியில் படுத்துக்கொள்ளும். துளையிடாவிட்டால் ஒருவர் அதை மிதித்துக்கொண்டே நிற்க வேண்டிவரும். பக்கத்துக்கு நான்கு இடத்தில் நைலோன் நூல் கட்டினால் 25 சிறு சதுரங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் 4 வீதம் என்பதால் மூடலை எண்ணி மதிப்பிடலாம். நூல் வெள்ளையாக இருக்கட்டும், பச்சை நூல் புல்லோடு சேர்ந்து மறைந்துவிடும்.